மூச்சு வாங்கிய இடங்கள்

கிளினிக் கதவைத் திறந்ததுமே பெயிண்ட் வாசனை முகத்தில் அறைந்தது. அக்கா படியிலேயே நின்றுவிட்டாள். போன வாரம்வரை காரை பெயர்ந்து, ஈரம் கோடு கோடாக இறங்கியிருந்த சுவர்கள் இப்போது வெளிர்பச்சையில் பளபளத்தன. தரையில் ஃபினாயில் இன்னும் காயவில்லை. மேசைமேல் ஒரு வாசனை ஸ்பிரே புட்டி இருந்தது. யாரோ அதை ஆசை தீர அடித்திருக்கிறார்கள் என்று மூக்கே சொன்னது. தெருப்புழுதி புதுப் பெயிண்டில் ஒட்டிவிடக் கூடாது என்று ஜன்னல்களை வேறு இறுக மூடியிருந்தார்கள்.

"என்னக்கா, சுவத்துக்கெல்லாம் பவுடர் பூசி உக்கார வச்சிருக்காங்க?" என்றான் பின்னால் வந்த தம்பி.

அவள் சிரிக்கவில்லை. "மூக்குல கைக்குட்டைய வச்சுக்கடா."

"ஆரம்பிச்சுட்டியா?"

அவளை அந்தக் கிளினிக்கில் நர்ஸிலிருந்து டாக்டர்வரை எல்லோரும் அக்கா என்றே கூப்பிட்டார்கள். தம்பி வந்தபோதெல்லாம் கூடவே வந்து, அவன் கூப்பிட்டுக் கூப்பிட்டு ஒட்டிக்கொண்ட பெயர் அது. தம்பிக்கும் அவன் வேலை செய்யும் தச்சுப் பட்டறையில் ஒரு பெயர் உண்டு: இஞ்சின். நெஞ்சுக்குள்ளிருந்து வரும் விசிலுக்காக வைத்தது. இந்த ஒரு வருடமாக விசில் அடங்கிப்போனாலும் பெயர் போகவில்லை. "இஞ்சின் இப்ப கரெண்டுல ஓடுதுடா" என்று பட்டறையில் பேசிக்கொண்டார்களாம்.

விசிலை அடக்கியது இந்தக் கிளினிக் கொடுத்த மருந்து. இரண்டு நாட்டு டாக்டர்கள் கைகோத்து நடத்துகிற திட்டம் அது. ஆஸ்துமாவுக்கு எப்படி வைத்தியம் பார்க்க வேண்டும் என்று பல நாட்டு நிபுணர்கள் உட்கார்ந்து எழுதிவைத்த வழிமுறைகள் உண்டு. அவை புத்தகத்தோடு நின்றுவிடாமல், இப்படி ஒரு தெருமுனைக் கிளினிக்கிலும் நடைமுறைக்கு வர வேண்டும் என்பதுதான் திட்டம். இளைக்கிறபோது மட்டும் நீல இன்ஹேலர் பம்பை அடித்துக்கொண்டு காலம் தள்ளக் கூடாது, மூச்சுக்குழாயின் வீக்கத்தை அடக்குகிற மருந்தைத் தினமும் இழுக்க வேண்டும் என்பது அதில் முதல் பாடம். அந்த மருந்து வெளிநாட்டிலிருந்து இலவசமாக வந்தது. வழிமுறைகள் ஒழுங்காகப் பின்பற்றப்படுகின்றனவா என்று பார்க்க அங்கிருந்து இன்று ஒரு டாக்டரம்மா வருகிறார். அவருக்குத் திருப்தியாக இருந்தால் மருந்து தொடரும். இல்லையென்றால் நீல பம்பும் பழைய விசிலும்தான்.

அக்கா சரக்குக் கப்பல் அலுவலகம் ஒன்றில் வெளிநாட்டுக் கடிதங்கள் எழுதுகிறவள். வரப்போகிறவர்களின் மொழி அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. கிளினிக் டாக்டர் அந்த மொழியில் புத்தகம் படிப்பார், பேசச் சொன்னால் நாக்கு புரளாது. அதனால் இன்று மொழிபெயர்க்க வேண்டும் என்று அவளைக் கேட்டிருந்தார். காட்டப்போகிற முதல் நோயாளி தம்பி. "நம்ம கிளினிக்கோட மானமே உங்க ரெண்டு பேர் கைலதான்" என்று போன வாரமே சொல்லிவிட்டார். 

நர்ஸம்மா உள்ளிருந்து வேகமாக வந்தார். புதுச் சீருடை, மடிப்பு கலையாமல்.

"வந்துட்டீங்களா? தம்பி, காலைல மருந்து எடுக்கலையே?"

"எடுக்கலைங்க. நேத்து சாயங்காலமும் எடுக்கலை. நீங்க சொன்னபடியே."

"சமத்து." அவர் தட்டிக்கொடுத்துவிட்டுப் போய்விட்டார்.

அக்கா தம்பியின் பக்கம் திரும்பினாள். "என்னது?"

"ஒரு மெஷின்ல ஊதிக் காட்டணுமாம்க்கா. மருந்துக்கு முன்னாடி ஒரு தடவை, பின்னாடி ஒரு தடவை. வித்தியாசம் நல்லாத் தெரியணும்னா வெறுமனே வரணுமாம். எல்லார்கிட்டயும்தான் சொல்லியிருக்காங்க."

"எங்கிட்ட ஏன்டா சொல்லல?"

"சொன்னா நீ விடுவியா?"

விட்டிருக்க மாட்டாள். அதை அவனிடம் ஒப்புக்கொள்ள மனம் வராமல், பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள். கூடத்தில் இன்னும் சில பேர் காத்திருந்தார்கள். எல்லோரும் நல்ல உடுப்பில், போட்டோ பிடிக்க வந்தவர்கள் மாதிரி விறைப்பாக. அவர்களில் யாரோ இருமினார். அந்த இருமலை அவள் காதில் வாங்கிக்கொண்டு, அதைத் தம்பியின் இருமலோடு ஒப்பிட்டு, அது வேறு இது வேறு என்று தீர்மானித்தாள். இது அவளுக்குப் பழகிப்போன வேலை. பஸ்ஸில், கடையில், எங்கே யார் இருமினாலும் அவள் மனம் எழுந்து போய்ப் பார்த்துவிட்டு வரும்.

வரவேண்டியவர்கள் வரவில்லை. விமானம் தாமதமாம், பிறகு வண்டி தாமதமாம். சுவர் அவர்கள் முதுகுக்குப் பின்னால் சூடாக வாசனை விட்டுக்கொண்டிருந்தது. தம்பி இரண்டு கைகளையும் முழங்காலில் ஊன்றிக்கொண்டு உட்கார்ந்தான்.

"ஏன்டா அப்படி உக்காந்திருக்க?"

"எப்படி?"

"முன்னாடி சாஞ்சு."

"உக்காரக்கூடக் கூடாதாக்கா? சும்மா எக்ஸ்ரே மெஷின் மாதிரி பாத்துட்டே இருக்காத. ஜனங்க பாக்குறாங்க."

"வெளியில போய் நிப்போம், வா."

"கூப்பிடும்போது ஆளக் காணோம்னா? டாக்டர் மூஞ்சிய நெனச்சுப் பாரு." சொல்லிவிட்டு மூக்கை உறிஞ்சினான். "நல்லாத்தான் இருக்கேன். நீதான் வியர்த்து வழியுற."

உண்மைதான்.  டாக்டரிடம் போய், இவனுக்கு இப்போதே மருந்தைக் கொடுங்கள் என்று சொல்லலாமா என்று பார்த்தாள். டாக்டர் வாசலுக்கும் அறைக்குமாகக் குட்டி போட்ட பூனையாக நடந்துகொண்டிருந்தார். சொன்னால் ஊதுகிற சோதனை பாழாகும். சோதனை பாழானால் மருந்து போகும். மருந்து போனால் அதே தம்பிதான் அவதிப்படுவான். இந்த வட்டத்தைச் சுற்றிச் சுற்றி வந்தும் அவளால் அதற்கு வெளியே கால் வைக்க முடியவில்லை.

கடைசியில் வெள்ளை வண்டி வந்து நின்றது. உயரமான அம்மா, நரைத்த தலை, காலில் சாதாரணச் செருப்பு. கூட உதவியாளராக ஓர் இளம்பெண், கையில் கணினி. உள்ளே வந்ததும் டாக்டரம்மா ஒரு நொடி மூக்கைச் சுளித்தார். பிறகு மரியாதைக்காகச் சுவரைப் பார்த்து ஏதோ பாராட்டினார்.

"என்ன சொல்றாங்க?" என்றார் கிளினிக் டாக்டர்.

"அறை ரொம்பச் சுத்தமா இருக்காம்."

டாக்டர் முகத்தில் விளக்கு எரிந்தது.

சோதனை அறையில் ஒரு மேசை, சுவரோரம் மின்விசிறி ஒன்று கடகடவென்று சுற்றிக்கொண்டிருந்தது. தம்பியை ஒரு பக்கம் உட்கார வைத்தார்கள். அக்கா மேசையின் குறுக்குப் பக்கத்தில், இருவரையும் பார்க்கிற மாதிரி உட்கார்ந்தாள். டாக்டரம்மா கேள்வி கேட்டார். அவள் தம்பியிடம் சொன்னாள்.

"இப்ப எப்படி இருக்குன்னு கேக்குறாங்க."

"நல்லா... இருக்கேன். முன்ன மாதிரி... இல்ல."

அக்கா அதை அவர்கள் மொழியில் சொன்னாள்: நான் நன்றாக இருக்கிறேன். முன்பு இருந்த சிரமங்கள் இப்போது இல்லை.

"ராத்திரி தூக்கம்?"

"வருது... நல்லா."

இரவில் எழுந்திருக்காமல் நிம்மதியாகத் தூங்குகிறேன் என்றாள்.

"வேலையில தொந்தரவு?"

"தூசு... இருக்கும். துணி... கட்டிக்குவேன்."

பட்டறையில் மரத்தூள் பறக்கும், ஆனால் நான் எப்போதும் மூக்கைத் துணியால் கட்டிக்கொண்டுதான் வேலை செய்கிறேன் என்றாள்.

அவள் தொழில் அது. அலுவலகத்தில் முதலாளி, "அந்தச் சரக்கு... அதாம்மா, போன தடவ மாதிரி... அவனுக்கு உறைக்கணும், ஆனா கோவம் வரக் கூடாது" என்று இழுப்பார். அது அவள் கை வழியாக வெளியே போகும்போது காற்புள்ளி அரைப்புள்ளியோடு ஒரு முழுக் கடிதமாக இருக்கும். இத்தனை வருடத்தில் அரைகுறையாக ஒரு பேச்சு காதில் விழுந்தால், அவள் கேட்காமலே அவள் வாய் அதை முடித்துவைத்துவிடும்.

கிளினிக் டாக்டர் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். அக்கா பேசப்பேச அவர் தலை ஆடியது. உதவியாளர் தட்டச்சு செய்துகொண்டே இருந்தார். டாக்டரம்மா அக்காவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நடுவில் ஒருவர் மொழிபெயர்க்கிறபோது எல்லோரும் அவர் முகத்தைத்தான் பார்க்கிறார்கள். பேசுகிறவன் பக்கத்தில் சும்மா ஒரு பொருள் போல ஆகிவிடுகிறான். மின்விசிறிச் சத்தத்தில் அவன் நெஞ்சுச் சத்தமும் யாருக்கும் கேட்கவில்லை.

"இந்த மருந்து வந்தப்புறம் உங்க வாழ்க்கையில பெரிய மாற்றம் என்னன்னு கேக்குறாங்க."

தம்பி சிரித்தான். அவன் முகத்தில் குறும்பு வருவதை அவள் பார்த்தாள்.

"அக்கா..." என்றான். உதட்டைக் குவித்து மூச்சை விட்டான். "திட்ட..." தோள்கள் இரண்டும் மேலே ஏறி இறங்கின. "மாட்டேங்குறா."

அவள் வாய் பழக்கத்தில் தொடங்கிவிட்டது. என் அக்கா இப்போதெல்லாம் என்னை... என்று பாதிவரை சொன்னபோது அவளுக்குக் கேட்டது. இதுவரை அவன் சொன்னதெல்லாம் ஒன்றன்பின் ஒன்றாகக் காதுக்குள் திரும்பி வந்தது. நல்லா. இருக்கேன். தூசு. இருக்கும். துணி. அவளைக் கேலி செய்ய வேண்டுமென்றால் மூச்சு விடாமல் கொட்டுகிறவன் அவன். இந்தக் கேலிக்கு மூன்று தவணை கேட்கிறான்.

அவர்களுடைய பெரியண்ணன் இதே இளைப்பில் செத்துப்போன நாளில் அவரும் பேசவில்லை. முந்தின நாள் வீட்டில் ஒரு சண்டை, அவருக்கு ரோஷம் அதிகம். கூடத்தில் நாற்காலியில் முன்பக்கம் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். காபி வேண்டுமா என்று கேட்டதற்கு அவர் தலையைக்கூட ஆட்டவில்லை. "கோவம் தீந்தா தானா வருவாரு, விடு" என்று அண்ணி சொன்னார். வீடே அவரைச் சுற்றி வேலை பார்த்துக்கொண்டிருந்தது. அவர் கையில் இருந்த நீல பம்ப் காலி என்பதைப் பிறகுதான் பார்த்தார்கள். விசில்கூடக் கேட்கவில்லை. விசில் வருவதற்கும் கொஞ்சம் காற்று வேண்டும் என்பது அப்போது அந்த வீட்டில் யாருக்கும் தெரியாது.

டாக்டரம்மா அவளைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினார். பாதியில் நின்ற வாக்கியத்துக்காகக் காத்திருந்தார்.

அக்கா அதை முடிக்கவில்லை. அவர்கள் மொழியிலேயே சொன்னாள்: "அக்கா. இங்கே அவன் மூச்சு வாங்குகிறான். திட்ட. இங்கேயும் வாங்குகிறான். மாட்டாள். இப்படித்தான் அவன் பேசுகிறான். வந்ததிலிருந்து இப்படித்தான். நான்தான் சேர்த்துச் சேர்த்துச் சொல்லிவிட்டேன்."

டாக்டரம்மாவின் நாற்காலி பின்னால் சரிந்தது. மேசையைச் சுற்றி வந்து தம்பியின் முன்னால் குனிந்தார். கழுத்துக் குழியைப் பார்த்தார். விரலில் ஆக்சிஜன் அளவைக் காட்டுகிற ஒரு கிளிப்பை மாட்டினார். முதுகில் ஸ்டெதஸ்கோப்பை வைத்து, மின்விசிறியைக் காட்டி நிறுத்தச் சொன்னார். மின்விசிறி நின்ற பிறகு அறையில் அவன் மூச்சு மட்டும் இருந்தது, மெலிதாக, காகிதத்தை உரசுகிற மாதிரி.

"இன்னும் ஊதலையே" என்றார் கிளினிக் டாக்டர். குரல் அடங்கிப்போயிருந்தது. "ஒரே ஒரு தடவை ஊதிட்டா..."

அதை மொழிபெயர்க்கத் தேவையிருக்கவில்லை. டாக்டரம்மா ஏற்கனவே நீல பம்பையும் பிளாஸ்டிக் குழாயையும் கேட்டுக் கையை நீட்டியிருந்தார். நர்ஸம்மா ஓடினார். ஜன்னல்கள் திறந்தன. ஆக்சிஜன் சிலிண்டர் உருண்டு வந்தது. குழாயின் முகமூடியை அவன் முகத்தில் பொருத்தி, ஓர் அழுத்து, சில மூச்சு, மறுபடி ஓர் அழுத்து என்று டாக்டரம்மா கொடுத்தார். வீக்கத்தை அடக்கக் கொடுத்த மாத்திரையை அவனால் விழுங்க முடிந்ததே பெரிய காரியமாக இருந்தது.

அவன் கண்கள் முகமூடிக்கு மேலே அக்காவைத் தேடின. இப்போது அவற்றில் கேலி இல்லை.

"இங்கதான்டா இருக்கேன்."

முதல் சுற்று முடிந்தது. கிளிப்பில் எண் ஏறவில்லை. டாக்டரம்மா தன் முகத்தில் எதையும் காட்டிக்கொள்ளாமல் கேட்டார்: "இன்று காலை மருந்து எடுத்தானா?"

அக்கா இல்லை என்றாள்.

"ஏன்?"

கேள்வி கிளினிக் டாக்டருக்குப் புரிந்துவிட்டது போல. அவளருகே வந்தார்.

"அக்கா, அத மட்டும் இப்பச் சொல்லாதீங்க. நான் அப்புறமா வெளக்கமா சொல்லிக்கிறேன்."

"டாக்டர்..."

"மருந்து நின்னுடும்க்கா. உங்க தம்பிக்கும் சேத்துத்தான். வெளியில உக்காந்திருக்கவங்களுக்கும். மறந்துட்டான்னு சொல்லிடுங்க, போதும். ஒரு பொய்யில யாரும் சாகப்போறதில்ல."

சொன்ன பிறகுதான் அவருக்கே அந்த வார்த்தை காதில் விழுந்தது.  நல்ல மனிதர் அவர். அதுதான் அவளுக்கு அதிகம் வலித்தது. பண்டிகைக்குக்கூடப் பூட்டாத கிளினிக். ராப்பகல் பார்க்காமல் அவன் நெஞ்சில் காது வைத்தவர். அவரைக் காட்டிக்கொடுத்துவிட்டு நாளைக்கு எந்த முகத்தோடு இந்தப் படி ஏறுவது? மறந்துவிட்டான் என்று சொல்வது சுலபம். பூசி மெழுகுவதில் அவளுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

கூடத்திலிருந்து இருமல் கேட்டது. தம்பி சொன்னது நினைவுக்கு வந்தது. எல்லார்கிட்டயும்தான் சொல்லியிருக்காங்க.

"மருந்து எடுக்காமல் வரச் சொன்னார்கள்" என்றாள் டாக்டரம்மாவிடம். "ஊதும்போது வித்தியாசம் தெரிய வேண்டும் என்பதற்காக. வெளியே காத்திருக்கிறவர்களும் அப்படியே வந்திருக்கிறார்கள்."

அப்போது அவள் எதிர்பார்க்காதது நடந்தது. டாக்டரம்மா கிளினிக் டாக்டரைப் பார்க்கவில்லை. உதவியாளரைப் பார்த்தார். அந்தப் பெண்ணின் கை கணினிமேல் அப்படியே நின்றது. இருவரும் தாழ்ந்த குரலில் ஏதோ சொல்லிக்கொண்டார்கள். பிறகு டாக்டரம்மா அக்காவிடம், ஒவ்வொரு சொல்லாக, தன் மொழியில் சொன்னார்.

"என்னவாம்?" என்றார் கிளினிக் டாக்டர். "திட்டம் அவ்வளவுதானா?"

"அது அவங்க அனுப்பின குறிப்பாம் டாக்டர். அவங்க ஊர்ல பெரிய ஆஸ்பத்திரியில, பக்கத்துல ஆள் நிக்கும்போது, நல்லா இருக்கவங்களுக்குச் செய்யுறதாம். அதை அப்படியே இங்கயும் அனுப்பிட்டாங்களாம். இங்க எப்படி வருவாங்க, எவ்வளவு நேரம் உக்காந்திருப்பாங்கன்னு யாரும் யோசிக்கலையாம். தப்பு அவங்க பக்கமும் இருக்காம்." கொஞ்சம் நிறுத்தினாள். "பெயிண்ட் வாசனையும் சேந்திருக்கும்ங்கறாங்க."

"நான்தான் அந்தக் குறிப்பத் தப்பாப் படிச்சுட்டேன்னு பயந்தேன்" என்ற டாக்டர் சுவரைப் பார்த்தார். "நான்தான் அடிக்கச் சொன்னேன்" என்றார், யாரிடமும் இல்லாமல். "ஜன்னலையும் நான்தான்."

"மருந்தப் பத்தி அப்புறம் பேசலாமாம். மொதல்ல வெளியில இருக்கவங்களப் பாக்கச் சொல்றாங்க."

அவர் போனார். கூடத்தில் அவர் குரல் கேட்டது. "எல்லாரும் எந்திரிச்சு வெளியில வாங்க. காத்தாட நில்லுங்க. ஒவ்வொருத்தரா எங்கிட்ட வந்து, எங்கருந்து வர்றீங்க, எப்படி வந்தீங்கன்னு ஒரே மூச்சுல சொல்லுங்க. இல்லம்மா, சோதனையெல்லாம் இல்ல. சும்மா பேசுங்க. நர்ஸம்மா, மருந்த எடுத்துட்டு வாங்க." நாற்காலிகள் நகர்ந்தன. ஒரு பெண் கடகடவென்று பஸ்ஸில் நடந்த சண்டையைச் சொல்ல ஆரம்பித்தாள். அந்த வேகத்தைக் கேட்க அக்காவுக்குப் பொறாமையாக இருந்தது.

உள்ளே இரண்டாவது சுற்று முடிந்தது. பெரிய ஆஸ்பத்திரிக்கு ஆம்புலன்ஸ் சொல்லியிருந்தார்கள், வந்துகொண்டிருந்தது. தம்பியின் உதட்டு நிறம் தேறியிருக்கிறதா, திறந்த ஜன்னல் வெளிச்சத்தால் அப்படித் தெரிகிறதா என்று அவளால் சொல்ல முடியவில்லை. டாக்டரம்மா அவன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, அக்காவிடம், இவனை ஏதாவது கேள் என்றார். ஆம், இல்லை என்று முடிகிற கேள்வி வேண்டாம், நீளமாகப் பதில் சொல்ல வேண்டியதாகக் கேள். அவன் சொல்வதை அவன் சொல்கிறபடியே எனக்குச் சொல்.

என்ன கேட்பது? ஆயிரம் கேள்விகள் இருந்தன, எல்லாமே அழவைக்கிறவை.

"இப்ப பட்டறையில ஒரு அலமாரி செய்யுறேன்னியே, அத எப்படிச் செய்வ? சொல்லு, கேப்போம்."

அவன் முகமூடியை லேசாக விலக்கினான். இந்த நேரத்தில் என்ன கேள்வி என்கிற மாதிரி அவளைப் பார்த்தான். ஆனால் தொழிலைப் பற்றிக் கேட்டால் அவனால் சும்மா இருக்க முடியாது.

"மொதல்ல..." என்றான். மூச்சு.

முதலில், என்றாள் அக்கா அவர்கள் மொழியில். மூச்சு.

"பலகைய..." மூச்சு. "காய விடணும்."

பலகையை. மூச்சு. காய விட வேண்டும்.

டாக்டரம்மா தலையசைத்து மறுபடியும் முகமூடியை வைத்தார், இன்னோர் அழுத்து கொடுத்தார், எடுத்தார்.

"ஈரம் இருந்தா..." மூச்சு. தோள்கள் ஏறி இறங்கின. "பின்னாடி கோணிக்கும்."

ஈரம் இருந்தால். மூச்சு. பின்னால் கோணிக்கொள்ளும். அவள் எதையும் சேர்க்கவில்லை, எதையும் விடவில்லை. அவன் நின்ற இடத்தில் நின்றாள், அவன் தொடங்கின இடத்தில் தொடங்கினாள். இருவர் மூச்சும் ஒன்றாகவே நின்று ஒன்றாகவே நகர்ந்தன.

"அப்புறம் அளவு பாத்து..." என்றான் தம்பி.

மூன்று சொற்கள் சேர்ந்து வந்திருந்தன. அவள் அந்த மூன்றையும் சேர்த்துச் சொன்னாள். டாக்டரம்மாவின் விரல்கள் அவன் மணிக்கட்டில் அசையாமல் இருந்தன. வெளியே தெருமுனையில் ஆம்புலன்ஸின் சத்தம் கேட்டது. தம்பி வாயைத் திறந்து அடுத்த காற்றை உள்ளே இழுத்தான். நாலாவது சொல்லுக்காக அவள் காத்திருந்தாள்.